கார்வை நீளும் பேஸ்: எபர்ஹார்ட் வேபரை எங்கே தொடங்கிக் கேட்பது

ஜெர்மனியின் ஜாஸ் பேஸ் கலைஞர் எபர்ஹார்ட் வேபரை இதுவரை கேட்டதில்லை என்றால் 1975-இல் பதிவான 'யெல்லோ ஃபீல்ட்ஸ்' ஆல்பத்தில் தொடங்குங்கள், ஹெட்போனிலோ ஒரு நல்ல ஸ்பீக்கரிலோ. முதலிலேயே இதைச் சொல்லிவிடக் காரணம் இருக்கிறது. இவர் பெயரை எடுத்தாலே ஜாஸ் பிரியர்கள் அதற்கு முந்தைய 'தி கலர்ஸ் ஆஃப் க்ளோயி'யைத்தான் கையில் கொடுப்பார்கள், அது பெரிய ஆல்பம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதை முதலில் கேட்டுவிட்டு "நல்லாத்தான் இருக்கு, இதுல பேஸ் எங்க?" என்று திரும்பி வந்தவர்களை எனக்குத் தெரியும். யெல்லோ ஃபீல்ட்ஸில் அந்தக் கேள்வி எழாது.

போன் ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள். வயலின் குடும்பத்திலேயே பெரிய வாத்தியமான டபுள் பேஸின் அடித்தந்தி ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது, அந்தச் சின்ன ஸ்பீக்கரால் அதை எழுப்பவே முடியாது. வேபர் மேல் தந்தியில் வாசிப்பது மட்டும் கேட்கும், கீழே அவர் போட்டு வைத்திருக்கும் தரை காணாமல் போய்விடும்.

சரி, யார் இவர்? 1940-இல் ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட்டில் பிறந்தவர். அப்பா செலோ (அதே குடும்பத்தில் டபுள் பேஸுக்கு அடுத்த அளவு வாத்தியம்) சொல்லிக் கொடுக்கிறவர், அதனால் ஆறு வயதில் மகன் கைக்கும் செலோ வந்தது. பதினாறு வயதுவாக்கில்தான் பேஸுக்கு மாறினார். இந்த ஒரு விவரத்தை மனதில் வைத்துக்கொண்டு கேட்டால் அவருடைய வாசிப்பு பாதி புரிந்துவிடும், ஏனென்றால் அவர் கடைசிவரை செலோக்காரராகவேதான் பேஸைப் பிடித்தார் என்பது என் எண்ணம். 1960-களில் பியானோ கலைஞர் வுல்ஃப்காங் டௌனரின் மூவர் குழுவில் இருந்தார், முழுநேர இசைக்கு வருமுன் தொலைக்காட்சியிலும் நாடக அரங்கிலும் வேலை பார்த்தார். 1970-இல் கிட்டார் கலைஞர் ஜோ பாஸுடன் 'இன்டர்கான்டினென்டல்' என்ற ஆல்பத்தில் வாசித்திருக்கிறார், தேடிக் கேட்டுப் பாருங்கள். நல்ல, ஒழுங்கான, தாளம் தவறாத ஜாஸ் பேஸ். கிட்டாருக்குப் பின்னால் நின்று காலடி எண்ணிக் கொடுக்கிற வேலையைச் சுத்தமாகச் செய்கிறார். அதே ஆள்தான் மூன்றே வருடத்தில் க்ளோயியைப் பதிவு செய்தார் என்பதை எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு வியப்பு அடங்கவில்லை.

இடையில் மாறியது வாத்தியம். சாதாரண டபுள் பேஸில் ஒரு தந்தியை மீட்டினால் அந்தப் பெரிய மரப்பெட்டி அதிர்வை உடனே வாங்கிக் காற்றில் கொட்டிவிடுகிறது. சத்தம் பெரிதாக வரும், சீக்கிரம் தேய்ந்தும் போகும். வேபர் நின்றபடியே வாசிக்கிற ஒரு எலெக்ட்ரிக் பேஸுக்குப் போனார். உடம்பு சிறியது, அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப் என்ற கருவி அதை வாங்கி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும், தந்தியின் சக்தி பெட்டியில் கரையாமல் தந்தியிலேயே தங்கும். விளைவு, கார்வை. ஒரு ஸ்வரத்தைப் பிடித்தால் அது நிற்கிறது, நின்றுகொண்டே லேசாக நடுங்குகிறது, அடுத்த ஸ்வரத்துக்கு வழுக்கிப் போகிறது. அப்புறம் வழக்கமான நான்கு தந்திக்கு மேலே உச்ச சுருதியில் ஐந்தாவதாக ஒரு தந்தியைச் சேர்த்துக்கொண்டார். இதனால் கை மேலே ஏறும்போது பேஸ் செலோவின் எல்லைக்குள் போய்ப் பாடத் தொடங்கிவிடுகிறது.

பேஸ் என்றால் பக்கவாத்தியம் என்றுதான் காது பழகியிருக்கிறது. அதை முன்னால் கொண்டுவர ஒரு வழி வேகம்: டென்மார்க்கின் நீல்ஸ்-ஹென்னிங் ஓர்ஸ்டெட் பெடர்சன் அந்த வழியில் போனவர், அவர் விரல் வேகத்தைக் கேட்டால் மூச்சு நின்றுவிடும். வேபர் போனது எதிர்த்திசையில். அவர் வாசிக்கும் ஸ்வரங்கள் குறைவு, ஒவ்வொன்றும் நீளம். வேகத்தைக் கேட்டு அசந்துபோய் இரண்டு நாளில் மறந்துவிட்டவை எனக்கு உண்டு, வேபரின் ஒரே ஒரு இழுப்பு வாரக்கணக்கில் தலைக்குள் நிற்கிறது.

'தி கலர்ஸ் ஆஃப் க்ளோயி' 1973 கடைசியில் பதிவாகி 1974-இல் வெளிவந்தது, மான்ஃப்ரெட் ஐஷர் ம்யூனிக்கில் நடத்தும் இ.சி.எம். நிறுவனத்தில். தன் பெயரில் வேபர் போட்ட முதல் ஆல்பம் இது, ஜெர்மனியின் பெரிய இசைத்தட்டுப் பரிசையும் வாங்கியது. தொடக்கத்தில் வரும் செலோக்கள் ஷ்டுட்கார்ட் வானொலியின் சிம்ஃபனி இசைக்குழுவைச் சேர்ந்தவை. அந்தச் செலோக் கூட்டத்தின் நடுவிலிருந்து பேஸ் மெல்ல எழுந்து வருகிற இடம் இருக்கிறதே, அப்பா வாசித்த வாத்தியத்துக்குள்ளிருந்து மகனின் வாத்தியம் பிறக்கிற மாதிரி. இசைத்தட்டின் இரண்டாம் பக்கம் முழுவதையும் 'நோ மோஷன் பிக்சர்' என்ற ஒரே நீண்ட பகுதி எடுத்துக்கொள்கிறது. ரைனர் ப்ரூனிங்ஹவுஸின் கீபோர்டு ஒரு சின்னச் சங்கதியைத் திரும்பத் திரும்பச் சுற்றும், அது சுற்றிக்கொண்டிருக்கும்போதே அடியில் எல்லாம் மாறிவிடும். இதைப் பொறுமையாகக் கேட்க வேண்டும், வேறு வேலை செய்துகொண்டே கேட்டால் ஒன்றும் நடக்காதது போலத் தோன்றும். முதல் ஆல்பமாக இதைச் சொல்லத் தயங்குவது அதனால்தான். இன்னொன்று, அந்தக் காலத்து சிந்தசைசரின் தந்தி ஒலி இன்றைக்குக் கொஞ்சம் பழசாகவே கேட்கிறது. எனக்கு அது பிடிக்கும், எல்லோருக்கும் பிடிக்கும் என்று சொல்ல முடியாது.

இப்போது யெல்லோ ஃபீல்ட்ஸ். நான்கே பகுதிகள், நான்கே பேர். வேபர், ப்ரூனிங்ஹவுஸ், நார்வேயின் டிரம்ஸ் கலைஞர் யோன் கிறிஸ்டென்சன், அப்புறம் சார்லி மரியானோ. இந்த மரியானோ அமெரிக்காவில் பிறந்த சாக்ஸபோன்காரர், ஆனால் ஆல்பத்தில் அவர் பெயருக்கு எதிரே இருக்கும் வாத்தியங்களைப் படித்தால் ஒரு நிமிடம் நின்றுவிடுவீர்கள்: சோப்ரானோ சாக்ஸபோன், ஷெனாய், நாகஸ்வரம். ஆமாம், நம் நாகஸ்வரமேதான். அவர் அதை முறையாகக் கற்றுக்கொண்டவர். 1975-இல் ஓர் ஐரோப்பிய ஜாஸ் ஆல்பத்தில் சீவாளி வைத்து ஊதுகிற வாத்தியம் எலெக்ட்ரிக் பேஸுக்கு மேலே வந்து நிற்கிறது, அது ஒட்டாத அலங்காரமாக இல்லை. ஏன் ஒட்டுகிறது என்று பலமுறை கேட்டுப் பார்த்தேன். வேபரின் பேஸ் அடியில் ஒரே ஸ்வரத்தை விடாமல் பிடித்திருக்கிறது, ஒத்து ஊதுகிறவர் செய்வதும் அதைத்தான். நாகஸ்வரத்துக்குத் தேவையான தரை அங்கே ஏற்கெனவே தயாராக இருக்கிறது. பாஷை தெரியாத ஊரில் சொந்தக்காரர் வீட்டுக்குள் நுழைந்துவிட்ட மாதிரி அது இயல்பாக உட்கார்ந்துவிடுகிறது.

முதல் பகுதியான 'டச்' ஐந்து நிமிடம்தான், மெட்டு முதல் கேட்பிலேயே பிடித்துவிடும். இரண்டாவதான 'சாண்ட்-கிளாஸ்' கால் மணி நேரம் ஓடும். என் கணக்கில் இந்த ஆல்பத்தின் உயிர் அதில்தான் இருக்கிறது. கிறிஸ்டென்சன் தாளத்தை அடித்துச் சொல்லவே மாட்டார், சிம்பலில் தூவிக்கொண்டே போவார், தாளம் அந்தத் தூவலுக்குள் எங்கோ இருக்கும். அதனால் காலத்தைப் பிடித்து நிறுத்தும் பொறுப்பு பேஸுக்கு வர வேண்டும், ஆனால் பேஸும் பாடப் போய்விடுகிறது. அப்படியும் எதுவும் சிதறவில்லை. நான்கு பேரும் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டு வாசிக்கிறார்கள் என்பதைத் தவிர வேறு விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. ஹெட்போனில் கேட்கும்போது வேபர் ஒரு ஸ்வரத்துக்கு எப்படிப் போகிறார் என்று மட்டும் கவனியுங்கள். நேராகப் போய் உட்கார மாட்டார். கொஞ்சம் கீழிருந்து விரலை இழுத்துக்கொண்டு போய்ச் சேர்வார், சேர்ந்த பிறகு அரை நொடி அசையாமல் வைத்திருந்து, அதன் பிறகுதான் அசைப்பார். கமகத்துக்குப் பழகிய காது அந்த இழுப்பை உடனே அடையாளம் கண்டுகொள்ளும்.

அட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இவருடைய ஆல்பங்களின் அட்டை ஓவியங்கள் மனைவி மாயா வேபர் வரைந்தவை. ஆல்பங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரே வீட்டின் ஜன்னல்கள் மாதிரி இருக்கும்.

யெல்லோ ஃபீல்ட்ஸ் குழு கலர்ஸ் என்ற பெயரில் தொடர்ந்தது, கிறிஸ்டென்சன் இடத்துக்கு ஜான் மார்ஷல் வந்தார். 1977-இன் 'சைலன்ட் ஃபீட்', 1980-இன் 'லிட்டில் மூவ்மென்ட்ஸ்' இரண்டும் அவரோடு செய்தவை. மார்ஷல் தாளத்தை இன்னும் வெளிப்படையாக அடிக்கிறவர், அதனால் சைலன்ட் ஃபீட்டில் ஒரு உந்துதல் இருக்கிறது. அதில் 'சீரியஸ்லி டீப்' என்ற முதல் பகுதியைத் தவறவிடாதீர்கள். லிட்டில் மூவ்மென்ட்ஸ் எனக்குக் கொஞ்சம் களைத்த ஆல்பமாகத்தான் படுகிறது. இந்த இரண்டையும் யெல்லோ ஃபீல்ட்ஸையும் சேர்த்து 'கலர்ஸ்' என்ற பெயரில் மூன்று சிடி கொண்ட பெட்டியாக இ.சி.எம். பின்னாளில் வெளியிட்டது, கிடைத்தால் தனித்தனியாக வாங்காமல் அதையே வாங்கிவிடுங்கள்.

1976-இன் 'தி ஃபாலோயிங் மார்னிங்'கில் டிரம்ஸே கிடையாது. பேஸ், ப்ரூனிங்ஹவுஸின் கீபோர்டு, ஆஸ்லோ ஃபில்ஹார்மோனிக்கிலிருந்து சில கலைஞர்கள், அவ்வளவுதான். விடியற்காலைக்கென்றே செய்தது போல இருக்கும், சிலருக்குத் தூக்கம் வரலாம். 1979-இன் 'ஃப்ளூயிட் ரசில்' நேர்மாறு: கேரி பர்ட்டனின் வைப்ரஃபோன், அப்போது இளைஞராக இருந்த பில் ஃப்ரிசெலின் கிட்டார், நார்மா வின்ஸ்டன், பானி ஹெர்மன் என்று வார்த்தையில்லாமல் பாடும் இரண்டு பெண் குரல்கள். அந்தக் குரல்களும் பேஸும் ஒரே இழையில் போகும்போது எது எது என்று பிரிக்க முடியாது. 1982-இன் 'லேட்டர் தட் ஈவ்னிங்'கும் நல்லது, பால் மெக்கேண்ட்லெஸின் ஓபோவுக்காகவே. 1988-இன் 'ஆர்கெஸ்ட்ரா'வில்தான் எனக்குக் குறை உண்டு. தனி பேஸ் பகுதிகள் அருமை, பித்தளை வாத்தியங்கள் வருகிற இடங்கள் வேறு யாரோ எழுதியது போல விலகி நிற்கின்றன.

தன் குழுவில் ஜாஸ் போல ஒலிக்காதவரை எதை வேண்டுமானாலும் வாசிக்கலாம் என்று சொல்வாராம். ஜாஸை வெறுத்துச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. அமெரிக்கர்கள் தங்கள் மண்ணிலிருந்து உருவாக்கியதை நகல் எடுக்காமல், செலோ கேட்டு வளர்ந்த ஒரு ஷ்டுட்கார்ட் பையன் தன் காதிலிருந்து என்ன எடுக்க முடியும் என்று தேடியிருக்கிறார்.

மற்றவர்கள் ஆல்பங்களில் அவர் வாசித்ததையும் விடக் கூடாது. ரால்ஃப் டவுனரின் 'சால்ஸ்டிஸ்' முக்கியம், யெல்லோ ஃபீல்ட்ஸ் பிடித்தவர்களுக்கு அடுத்து அதைத்தான் சொல்வேன். பாட் மெத்தனி 1977-இல் செய்த 'வாட்டர்கலர்ஸ்' ஆல்பத்தின் பேஸும் இவர்தான். பாப் பாட்டு கேட்கிறவர்கள் தெரியாமலேயே இவரைக் கேட்டிருப்பார்கள், இங்கிலாந்தின் கேட் புஷ் 1982-இன் 'தி ட்ரீமிங்' தொடங்கி 2005-இன் 'ஏரியல்' வரை இவரைத் திரும்பத் திரும்ப அழைத்திருக்கிறார். 'ஹவுண்ட்ஸ் ஆஃப் லவ்' ஆல்பத்தில் 'மதர் ஸ்டாண்ட்ஸ் ஃபார் கம்ஃபர்ட்' பாட்டைப் போட்டுப் பாருங்கள். அந்த இயந்திரத் தாளத்துக்குக் கீழே வளைந்து வளைந்து போகிறதே ஒரு பேஸ், இரண்டு ஸ்வரத்தில் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். நார்வேயின் சாக்ஸபோன் கலைஞர் யான் கார்பரெக்குடன் 1980-களின் தொடக்கத்திலிருந்து இருபத்தைந்து வருடம் போல வாசித்தார். அங்கே அவர் பக்கவாத்தியம்தான், அதை முழு மனதோடு செய்தார். ஆனால் ஒவ்வொரு கச்சேரியிலும் நடுவில் எல்லோரும் விலகிக்கொள்ள, வேபருக்கு ஒரு தனி ஆவர்த்தனம் உண்டு. அந்தத் தனிதான் பிற்பாடு அவரைக் காப்பாற்றியது.

அதற்கு வருமுன் 1993-இன் 'பெண்டுலம்'. முழுக்க ஒரே ஆள், ஒரே வாத்தியம், தன் மேலேயே தான் வாசித்து அடுக்கடுக்காகக் கட்டிய ஆல்பம். தனி பேஸ் ஆல்பம் என்றதும் பயப்பட வேண்டாம், மெட்டுக்குக் குறைவே இல்லை. இதே இசையை மேடையில் எப்படி வாசித்தார் என்று தெரிய வேண்டுமானால் 1994-இல் பிரான்ஸின் அவிஞ்ஞோனில் பதிவாகி 2021-இல் வெளிவந்த 'ஒன்ஸ் அப்பான் அ டைம்' இருக்கிறது. எக்கோ கருவியில் ஒரு சின்னச் சுற்றைப் போட்டு ஓடவிட்டு, அதன் மேல் பாடுவார். ஒரே ஆள்தான் என்பதை நாமே நமக்கு நினைவூட்டிக்கொள்ள வேண்டியிருக்கும்.

2007 ஏப்ரலில், கார்பரெக் குழுவோடு பயணத்தில் இருந்தபோது, பெர்லினில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. இடது பக்கம் பாதிக்கப்பட்டது. பேஸ் வாசிக்கிறவருக்கு இடது கை என்றால் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை, மேலே சொன்ன இழுப்பும் நடுக்கமும் கார்வையும் எல்லாமே அந்தக் கையில்தான் இருக்கிறது. மறுபடி அவரால் வாசிக்க முடியவில்லை.

ஆனால் கார்பரெக் குழுவின் கச்சேரிகள் வருடக்கணக்காகப் பதிவாகியிருந்தன, ஒவ்வொன்றிலும் அவருடைய தனி இருந்தது. வேபர் உட்கார்ந்து 1990-இலிருந்து 2007 வரையிலான அந்தத் தனிகளைக் கேட்டு, வெட்டி, கோத்து, மேலே கீபோர்டு சேர்த்துப் புது இசை செய்தார். 2012-இல் 'ரெஸ்யூமே' வந்தது, 2015-இல் 'என்கோர்'. பகுதிகளுக்குத் தலைப்பே அந்தத் தனி வாசிக்கப்பட்ட ஊர்ப்பெயர்தான்: கார்ல்ஸ்ரூஹ, சான்டியாகோ, ஆம்ஸ்டர்டாம், ட்யூபிங்கன், பாத், க்ரனோபிள். அன்றைக்கு அந்த ஊரில் உட்கார்ந்து கேட்டவர்களுக்கு அது கச்சேரி நடுவே வந்துபோன ஐந்து நிமிடம்.

ரெஸ்யூமேயைக் கேட்பதற்கு முன் இந்தக் கதை தெரியாமல் இருந்தால் நல்லது என்று ஒரு காலத்தில் நினைத்தேன், இரக்கத்தில் காது மழுங்கிவிடுமோ என்று. இப்போது அப்படி நினைக்கவில்லை. கதை தெரிந்து கேட்டாலும் தெரியாமல் கேட்டாலும் அது உறுதியான ஆல்பம். 'லீட்சன்' என்ற முதல் பகுதியிலேயே பேஸ் மேலே எழும்பும் விதத்தில் துக்கத்தின் சாயல் கொஞ்சமும் இல்லை, ஏனென்றால் வாசித்த அன்று அவருக்குத் துக்கம் இல்லை, நல்ல உடம்போடு மேடையில் சந்தோஷமாக வாசித்துக்கொண்டிருந்தார். அந்தச் சந்தோஷத்தில் வாசித்த தன் சொந்த விரல்களைப் பல வருடம் கழித்துத் தானே கேட்டு, எந்த இடத்தில் நிறுத்துவது, எங்கே கீபோர்டு வரலாம் என்று முடிவு செய்திருக்கிறார். சில பகுதிகளில் கார்பரெக்கும் வந்து வாசிக்கிறார், டிரம்ஸில் மைக்கேல் டிபாஸ்க்வா. ஒட்டுப்போட்ட தடம் எங்கேயாவது தெரிகிறதா என்று தேடித்தேடிக் கேட்டேன், ஒன்றிரண்டு இடத்தில் பகுதி சட்டென்று முடிந்துவிடுகிறது என்பதைத் தவிர எதுவும் இல்லை.

2015 ஜனவரியில், 75 வயதை ஒட்டி, ஷ்டுட்கார்ட்டில் அவருக்கு ஒரு பாராட்டுக் கச்சேரி நடத்தினார்கள். 'ஹொமாஜ் ஆ எபர்ஹார்ட் வேபர்' என்று அது ஆல்பமாகவும் கிடைக்கிறது. பாட் மெத்தனி அதற்காக அரை மணி நேரப் படைப்பு ஒன்றை எழுதினார். வேபரின் பழைய வீடியோக்களிலிருந்து அவர் வாசிப்பை எடுத்து, வெட்டி அடுக்கி, பெரிய திரையில் அவரை வாசிக்கவிட்டு, அதைச் சுற்றி ஜெர்மன் வானொலியான எஸ்.டபிள்யூ.ஆரின் பெரிய ஜாஸ் குழுவையும் (பிக் பேண்ட்) தன் கிட்டாரையும் எழுதினார். இருபதுகளில் தனக்குப் பேஸ் வாசித்தவருக்கு மெத்தனி அறுபது வயதில் செய்த பக்கவாத்தியம் என்றுதான் நான் அதைக் கேட்கிறேன். ஆல்பம் முழுவதும் சீராக இல்லை, இந்த ஒரு பகுதிக்காகவே வாங்கலாம்.

வாங்குவதற்கு வரிசை கேட்டால்: யெல்லோ ஃபீல்ட்ஸ், ரெஸ்யூமே, பிறகு க்ளோயி, அதன் பிறகு பெண்டுலம். என்கோரை க்ளோயி கேட்டு முடித்த கையோடு போடுங்கள். 1973-இல் க்ளோயியில் ட்ரம்பெட் போன்ற ஃப்ளூகல்ஹார்ன் ஊதியவர் நெதர்லாந்தின் ஆக் வான் ரோயென். நாற்பது வருடம் கழித்து, எண்பதைத் தாண்டிய வயதில், என்கோரில் அதே வாத்தியத்தோடு அவர்தான் வருகிறார். மூச்சு கொஞ்சம் மெலிந்திருக்கிறது, ஊதுவதற்கு முன் ஒரு சின்ன இடைவெளி விடுகிறார், அந்த இடைவெளியில் வேபரின் பேஸ் கார்வை அறுபடாமல் நின்றுகொண்டிருக்கிறது.